பாய் நனைத்தல்: ஒரு மின்மணி சொன்ன உண்மை

ஐந்து வயதைக் கடந்த பிள்ளை இரவில் பாயை நனைத்துவிட்டால், 'இத்தனை வயதாகியும் புத்தி வரவில்லையே' என்ற வசவுதான் நம் வீடுகளில் முதலில் எழுகிறது. சில வீடுகளில் அடியும் விழுகிறது. ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் காலையிலேயே ஷூ கம்பெனிக்குப் புறப்படவேண்டிய தாய்மார் பலர். அவர்களுக்கு நனைந்த பாயும் போர்வையும் கூடுதல் சுமை. கோபம் வருவது இயல்பே. ஆனால் உறக்கத்தில் நிகழும் ஒன்றுக்குப் பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது எளிய மின்மணி ஒன்று என்பது வியப்புக்குரிய செய்தி.

எலியும் சேவலும்

கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடியிலேயே இத்தொல்லைக்கு மருந்து கூறப்பட்டுள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, அவித்த எலியைக் குழந்தையின் உணவில் சேர்க்குமாறு எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் ஃபேயர், குழந்தை நோய்களைப் பற்றிய தம் நூலில் சேவலின் மூச்சுக்குழலைப் பொடித்துத் தரச் சொன்னார். நம் நாட்டு ஆயுர்வேத நூலான சாரங்கதர சம்ஹிதை 'சய்யாமூத்திரம்' என்ற பெயரில் இதைக் குழந்தை நோய்களின் வரிசையில் வைத்தது.

இம்மருந்துகளைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆயினும் அந்நூலாசிரியர்கள் இதனை ஒரு நோயாகவே கருதினர். பிள்ளையின் குணக்கேடாகக் கருதவில்லை. பிற்காலத்தில்தான் நிலைமை மோசமாயிற்று. ஐரோப்பிய மருத்துவர் சிலர் முதுகின் அடிப்பகுதியில் கொப்புளம் எழுப்பும் மருந்தைப் பூசினர். தண்டனைக்கும் சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று.

செவிலியருக்காக வைத்த மணி

1904-ஆம் ஆண்டு ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் மைன்ஹார்டு ஃபவுண்ட்லர் ஒரு கருவியைப் பற்றி எழுதினார். மருத்துவமனையில் படுக்கை நனைந்தவுடன் செவிலியர் வந்து துணியை மாற்றவேண்டும். அதற்கு அவர்களை அழைப்பதே கருவியின் வேலை. சில வாரங்கள் சென்றபின் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. செவிலியருக்காக ஒலித்த மணி குழந்தைகளையே மாற்றிவிட்டது! பலர் படுக்கையை நனைப்பதை நிறுத்தினர்.

கருவியின் தத்துவம் பள்ளி மாணவரும் அறிந்ததே. இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே ஒரு துணி. உலர்ந்த துணி மின்சாரத்தைக் கடத்தாது. சுற்று திறந்தே இருக்கும். சிறுநீர் ஓர் உப்புக் கரைசல். அதிலுள்ள அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். துணி நனைந்ததும் சுற்று மூடும். ஆனால் ஈரத்துணியின் மின்தடை அதிகம். அதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் மணியை அடிக்கப் போதாது. ஆகவே அது ஒரு ரிலேயை மட்டும் இயக்கும். ரிலே மற்றொரு சுற்றை மூடி மணியை ஒலிக்கச் செய்யும். இன்று இக்கருவி உள்ளாடையில் செருகும் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. சிறு மின்கலத்தில் இயங்குகிறது. (மாணவர்கள் இதனை வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கவே கூடாது, ஈரப்படுக்கையில் அது உயிரைப் பறிக்கும்.)

1938-இல் அமெரிக்க உளவியல் அறிஞர்களான ஹோபார்ட் மௌரர், வில்லி மே மௌரர் தம்பதியர் இம்முறையை 30 குழந்தைகளிடம் கையாண்டு வெற்றி கண்டனர். பாவ்லோவின் நாயும் மணியும் நினைவிருக்கும். அதுபோலவே, சிறுநீர்ப்பை நிரம்பும் உணர்வும் மணியோசையும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வர, நாளடைவில் அவ்வுணர்வே குழந்தையை எழுப்பப் பழகும் என்று அவர்கள் விளக்கினர். 'அடக்கிய கோபமே இப்படி வெளிப்படுகிறது. இதைத் தடுத்தால் வேறு கோளாறு கிளம்பும்' என்று கூறிய உளப்பகுப்பாய்வாளர்களின் அச்சம் மெய்யாகவில்லை. இன்றைய ஆய்வுகளின்படி, மணியைப் பயன்படுத்தும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பயன் பெறுகின்றனர். சிலருக்குத் தொல்லை திரும்புவதும் உண்டு.

இரவின் நீர்க்கணக்கு

மணி ஒரு பாதி உண்மையைக் காட்டியது. மறு பாதியை வேதியியல் காட்டியது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன், சிறுநீரகம் நீரை வீணாக்காமல் தடுக்கிறது. இதன் அமைப்பைக் கண்டறிந்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய டு விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார். 1980-களில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள், படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலருக்கு இரவில் இந்த ஹார்மோன் போதிய அளவு உயர்வதில்லை என்று கண்டனர். பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் மிகுதியாக ஊறுகிறது!

ஆக, காரணங்கள் மூன்று: இரவில் மிகுதியாக ஊறும் சிறுநீர்; அதைத் தாங்க இயலாத சிறுநீர்ப்பை; நிரம்பியும் விழிக்காத மூளை. இது பரம்பரையாகவும் வரும். பெற்றோருள் ஒருவருக்குச் சிறுவயதில் இத்தொல்லை இருந்திருந்தால் பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 44 பேருக்கும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 பேருக்கும் வரலாம். வைகிற தந்தை தம் தாயாரிடம் தம் கதையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது!

பெங்களூரின் நகரம், குடிசைப் பகுதி, கிராமம் ஆகிய மூன்றிலும் நடந்து 2005-இல் வெளியான ஆய்வொன்று, 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்ட குறைகளுள் இதனையும் சேர்த்துள்ளது. எனவே நம் தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வந்த அவமானம் அன்று இது.

பெற்றோர் செய்யவேண்டுவன

5 வயதில் 100-க்கு ஏறக்குறைய 15 பிள்ளைகள் பாயை நனைக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் ஆண்டுதோறும் மருந்தின்றியே நலம் பெறுகின்றனர். எனவே 5 வயதுவரை கவலை வேண்டாம். பகலில் நிறையத் தண்ணீர் தரலாம். மாலைக்குப் பின் குறைத்து, தேநீர், காப்பியைத் தவிர்க்கலாம். படுக்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்யவேண்டும். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சரிசெய்தல் முக்கியம்.

ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலும், பகலிலும் நனைத்தாலும், எரிச்சல், அடங்காத தாகம், உடல் மெலிவு தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். நீரிழிவு முதலிய நோய்கள் காரணமாகலாம். வாசோபிரசினைப் போலவே செயல்படும் டெஸ்மோபிரசின் 1967-இல் பிராகாவில் உருவாக்கப்பட்டது. அதை மருத்துவர் சொற்படியே தரவேண்டும். இரவில் அதனுடன் மிகுதியாகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

மணிமுறைக்கும் பெற்றோர் துணை வேண்டும். ஆழ்ந்து உறங்கும் பிள்ளைக்கு முதல் வாரங்களில் மணியோசை கேட்காது. பெரியவர்தான் எழுந்து பிள்ளையை எழுப்பவேண்டும். இரண்டு மூன்று மாதமேனும் இதைத் தொடரவேண்டும். 1957-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறைக்குப் பெயர் பெற்றது. அதே நெறி இங்கும் பொருந்தும்.

அடியும் ஏளனமும் வாசோபிரசினை ஒரு துளியும் கூட்டுவதில்லை, சிறுநீர்ப்பையைப் பெரிதாக்குவதுமில்லை. அவை பிள்ளையின் அச்சத்தை மட்டுமே வளர்க்கும். நனைந்த பாயைப் பிள்ளையும் சேர்ந்து உலர்த்தட்டும். தண்டனையாக அன்று, வீட்டு வேலையாக. நனையாத நாளை நாட்காட்டியில் குறித்து ஒரு சொல் பாராட்டுங்கள். மூவாயிரம் ஆண்டு மருத்துவ வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.