கதவுக்குள் கதவு

மார்பைப் பிளக்காமல் இருதயத்துக்குப் புது வால்வு வைத்த கதையைப் பாரிஸ் பையன் ஒருவனிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பேன். வருஷம் 2000, அவனுக்கு வயது 12. முன்னொரு ரண சிகிச்சையில் இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு வைத்த குழாய் கெட்டுவிட்டது. டாக்டர் போன்ஹோஃபர் மறுபடி கத்தி எடுக்கவில்லை. மாட்டின் கழுத்து ரத்தநாளத்து வால்வைக் கம்பிக் கூட்டில் தைத்து, பலூன்மேல் சுருக்கி, ரத்தக்குழாய் வழியே அனுப்பி, பழைய குழாய்க்குள்ளேயே விரித்துவிட்டார்.

1989லேயே டென்மார்க் டாக்டர் ஆண்டர்சன் பன்றிகளிடம் இதைச் செய்து காட்டியிருந்தார். கசாப்புக் கடையில் வாங்கிய இருதயம், கையால் வளைத்த கம்பி! பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அச்சேற 1992 ஆயிற்று. (எழுத்தாளர்கள் ஆறுதல் கொள்ளலாம்.)

2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் டாக்டர் கிரிபியே, ரண சிகிச்சை தாங்கமாட்டாரென்று கைவிடப்பட்ட 57 வயது நோயாளிக்கு மகாதமனி வால்வையே இவ்விதம் வைத்தார். வால்வு வேலை செய்தது. மனிதர் 17 வாரம் கழித்து வேறு உபாதைகளால் இறந்தார். அதைத் தோல்வியென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிராணிகளின் திசுவால் ஆன வால்வு பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும். அதற்குள் நோயாளிக்கு முதுமை வந்துவிடுகிறது. மார்புக்குள் பழைய தழும்புகள் ஒட்டிக் கிடக்கும். மறுபடி திறப்பது ஆபத்து. பழைய வளையத்தையே வாசல் நிலையாகக் கொண்டு, உள்ளே புதியதை மாட்டும் முறைக்கு 2015இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

இரட்டைக் கதவு வழியைக் குறுக்கத்தான் செய்கிறது. பழைய இதழ் ஒதுங்கி, இருதயத்துக்கே ரத்தம் தரும் குழாயின் வாயை அடைத்துவிடவும் கூடும். ஆகவே முன்கூட்டியே படம் பிடித்து, அந்த இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொள்கிறார்கள்.