ஒரு சின்ன மரமுளையும் ஒரு காகிதமும்



‘டீ’ என்றால் அப்புத்தளையில் நமக்குத் தேயிலைதான். நுவரெலியா கோல்ப் மைதானத்தில் இன்னொரு ‘டீ’ இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும்போது பந்தைத் தாங்கி நிற்கும் சின்ன முளை அது.

அந்தக் காலத்தில் முளை இல்லை. ஈர மணலைக் கையால் பிடித்துக் குட்டி மேடு செய்து, அதன்மேல் பந்தை வைப்பார்கள். பெரும்பாலும் பை சுமக்கும் பையனின் வேலை அது. 1889 இல் ஸ்கொட்லாந்துக்காரர் இருவர் தரையில் வைக்கும் ஒரு தாங்கிக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், பெற்றார்கள்.

பத்து வருடங்களின் பின் வந்தவர் ஜோர்ஜ் கிராண்ட். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஒரு கறுப்பினத்தவரின் மகன். ஹாவர்டில் பல் மருத்துவம் படித்து, அங்கேயே கற்பித்த முதல் கறுப்பினத்தவர். அண்ணப் பிளவோடு பிறந்தவர்களுக்குச் செயற்கை அண்ணம் செய்து கொடுத்தவர். கூரான மரமுளையின் தலையில் பந்து அமரும்படி ரப்பர் பொருத்தினார். 1899 டிசம்பர் 12 இல் 638,920 என்ற இலக்கத்தில் அவருக்கு அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது.

ஆனால் அவர் அதை விற்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்தார். 1910 இல் காலமானார். அன்றைய சட்டப்படி 17 வருட உரிமையும் 1916 இல் முடிந்தது. 1920களில் வில்லியம் லோவெல் என்ற இன்னொரு பல் வைத்தியர் ‘ரெடி டீ’ என்று சிவப்பு முளைகளை விற்றார். பிரபல வீரர் வோல்டர் ஹேகனுக்குப் பணம் கொடுத்து அதைப் பாவிக்க வைத்தார். உலகம் லோவெலையே கண்டுபிடிப்பாளர் என்றது.

1991 இல்தான் அமெரிக்க கோல்ப் சங்கம் கிராண்டை ஏற்றுக்கொண்டது. அவருக்காகச் சாட்சி சொன்னது அந்த ஒரு காகிதம்.

இதை ஏன் எழுதுகிறோம்? கொழுந்துக் கூடைக் கயிறு அம்மாவின் தலையை அழுத்துகிறது என்று, எங்கள் மாணவி ஒருத்தி ஒரு மெத்தைப் பட்டி செய்து வந்தாள். கண்காட்சியில் எல்லோரும் கைதட்டினோம். பிறகு அது களஞ்சிய அறைக்குப் போனது. ஆசிரியர்களான நாங்கள் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. தவறு எங்களுடையது.

எல்லாவற்றுக்கும் ஆக்கவுரிமை கிடைக்காது. பொருள் புதியதாக இருக்க வேண்டும். ஊருக்குக் காட்டுமுன் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதற்கானது. கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் உரிமை.

அதற்கு முதல் ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. பிள்ளை எதையாவது செய்தால் ஒரு கொப்பியில் படம் வரையச் சொல்லுங்கள். பெயரையும் திகதியையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு எங்களிடம் கொண்டு வாருங்கள். இம்முறை களஞ்சியத்துக்கு அனுப்ப மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.