தேரி மணலும் வடலியும்: முத்துக்குளித்துறைப் பகுதியில் காற்றரிப்பைத் தடுத்த பனை வேளாண்மை

முத்துக்குளித்துறையின் வரலாற்றை மண்ணின் இடப்பெயர்ச்சியிலிருந்து பிரித்துக் காண இயலாது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கொற்கை கடலை இழந்தது. பின்னர்க் காயலும் அந்நிலையையே அடைந்தது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இதனை விளக்கியுள்ளார். நீர் கொணர்ந்த மண் இவ்வாறு துறைமுக வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. காற்று கொணர்ந்த மண்ணோ நிலவியலாரின் பொருளாகவே நின்றுவிட்டது; அதனோடு போராடிய வேளாண்மை போதிய அளவு ஆராயப்படவில்லை.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் பரந்துள்ள செம்மணற் குன்றுகளை மக்கள் 'தேரி' என்பர். குதிரைமொழித் தேரி அவற்றுள் நன்கறியப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்ட காற்றாக இப்பகுதியை அடைகிறது. இங்கு மழை பெய்வதோ வடகிழக்குப் பருவத்தில். ஆகவே காற்று மிக வலுவாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலம் பயிரின்றி வெறுமையாகக் கிடக்கும். மழையை நம்பிய ஓராண்டுப் பயிர் எதுவும் இம்மண்ணைக் காக்க முடியாமைக்கு இக்கால முரணே காரணம். ஆண்டு முழுதும் நிலைத்து நிற்கும் பனை இங்கு வேளாண்மையின் அடிப்படையானதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

பனையைப் பதநீர், கருப்பட்டி ஆகியவற்றின் வழியே மட்டும் நோக்குவது வழக்கம். மண்காப்பில் முதன்மையான பங்கு பதநீர் தரும் உயர்ந்த மரத்திற்கு அன்று, வடலிக்கே உரியது எனலாம். வளர்ந்த பனையின் ஓலைகள் தலைக்கு மேலே நிற்க, காற்று அடிமரங்களுக்கிடையே புகுந்து செல்லும். வடலியின் மட்டைகளோ தரையை ஒட்டி விரிந்து, பறந்துவரும் மணலை அங்கேயே தடுத்து நிறுத்தும். வரப்போரத்து வடலி வரிசை, அதற்கிடையே கட்டிய ஓலை வேலி, உடைமரப் புதர் ஆகிய மூன்றும் சேர்ந்தே தோட்டத்தைக் காத்தன. அவ்வேலிகளின் மறைவில் கிணறு தோண்டி, குளத்துக் கரம்பை மண்ணைக் கொட்டி மணலுக்குப் பிடிப்பேற்றி, வாழை முதலியன பயிரிட்டனர். 1830களின் இறுதியில் ஜான் தாமஸ் குடியேறிய மெஞ்ஞானபுரம், கிணறும் மரமும் மணற்பரப்பை மாற்றியதற்குப் பலரும் காட்டும் சான்று. எனினும் அங்குக் கையாண்ட அறிவு சுற்றுப்புறத்துப் பனைக்குடிகளிடம் முன்னரே இருந்தது என்பதை மறத்தலாகாது.

இதனை மிகைப்படுத்துதலும் பொருந்தாது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் ஆகியோர் 1956இல் எழுதினர். தேரி மிகப் பழைய நிலவடிவம். அதன் உட்பகுதி நெடுங்காலத்திற்கு முன்பே சிவந்து இறுகியது. பனை தடுத்தது அதன் மேற்பரப்பில் அலையும் மணலை மட்டுமே.

மேலும், பனைத்தொழிலுக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. பதநீர்ப் பருவமும் காற்றுப் பருவமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தன. விடிலிகளில் பதநீர் காய்ச்ச விறகு ஏராளமாகத் தேவைப்பட்டது. அவ்விறகுக்கு உடைமரமும் முட்புதரும் வெட்டப்பட்டன. மணல் நகரத் தொடங்கும் வேளையில் அதனைப் பிடித்து நின்ற புதரே அடுப்புக்குச் சென்றது. காப்பும் அழிப்பும் ஒரே குடியின் கையில் இருந்தன. இதனை அறியாமையாகவன்றி வறுமையின் நெருக்கடியாகக் கொள்வதே தகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நெருக்கடி துறைமுகத்தோடும் பிணைந்தது. ஐரோப்பாவில் தூரிகை செய்யப் பனந்தும்பு வேண்டப்பட, தூத்துக்குடி அதன் ஏற்றுமதித் துறையாயிற்று. தும்பு மட்டையின் அடிப்பகுதியிலிருந்து உரித்தெடுக்கப்படுவது. தரமான தும்பு இளமரங்களிலிருந்தே கிடைத்தது. மணலைத் தடுத்து நின்ற அதே வடலியின் மட்டைகள்தாம் கப்பலேறின.