சித்திரப் பயிற்சியும் தனிப் பார்வையும்

பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் தாளும் பென்சிலும் தந்து ஒரு கிராமத்தை வரையச் சொன்னால் அவன் என்ன வரைவான் என்பதை நேயர்கள் அறிவார்கள். இரண்டு மலைகள், அவற்றினிடையே கதிரவன், ஓர் ஆறு, ஒரு குடிசை, அருகே தென்னை. ஹைதராபாத்தில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தையும் இதையே வரைகிறது. பாறைமேல் பாறை ஏறி நிற்கும் ஊரில் வாழ்ந்துகொண்டே அது பாறையை வரைவதில்லை. கண் கண்டது வேறு, கை கற்றது வேறு. இப்பிளவு எங்ஙனம் நேர்ந்தது?

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் லண்டனின் சௌத் கென்சிங்டனில் வகுத்த பாடமுறை, சென்னை, பம்பாய், கல்கத்தா, லாகூர்ப் பள்ளிகளில் வேரூன்றியது. அச்சிட்ட கோட்டுருவத்தைப் பார்த்து வரைதல், சுண்ண வார்ப்புச் சிலையைப் பார்த்து வரைதல், நிழல் தீட்டுதல் என்று கையைப் படிப்படியாகப் பழக்குவதே அதன் நோக்கம். அது கைத்திறனை வளர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாற்பது மாணாக்கர் வரைந்த நாற்பது படங்களும் ஒன்றுபோல் அமைந்தாலே அங்கு வெற்றி. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்தால் பொருள் நழுவிவிடும் என்பது மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு நன்கு தெரியும். சித்திரத்திலும் அதுவே நிகழ்ந்தது.

1897-இல் வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் என்பவர் சிறுவர்க்கென ஓவிய வகுப்பு நடத்தி, பார்த்தெழுதுதலை விலக்கிக் குழந்தைகளைத் தம் மனத்திலுள்ளதை வரையவிட்டார். நம் நாட்டில் 1919-இல் சாந்திநிகேதனத்தில் கலா பவனம் தோன்றியது. அங்கே நந்தலால் போஸ் மாணாக்கரை மரத்தையும் மாட்டையும் நேரில் நோக்கச் செய்து, பின்னர் நினைவிலிருந்து வரையப் பழக்கினார். நினைவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. ஒருவன் நினைவில் கொம்பின் வளைவு தங்கும், மற்றொருவன் நினைவில் நடையின் அசைவு தங்கும். தங்கியது எதுவோ அதுவே அவன் பார்வை. நம் வாசற்கோலத்திலும் இதைக் காணலாம். புள்ளிகள் ஒன்றே, இழை செல்லும் வழியைக் கொண்டு, இது யார் கை என்று தெரு முழுவதும் சொல்லிவிடும்.

அப்பள்ளியில் 1944-இல் சேர்ந்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். மலபாரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயில்கையில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். கல்லூரிக் கதவு அடைபடவே சித்திரத்தின் கதவு திறந்தது எனலாம். பிற்காலத்தில் பரோடாவில் அவர் ஆசிரியராக விளங்கியபோது, 1963 முதல் 1965 வரை அங்குச் சென்று பயின்றவர் ஹைதராபாத் ஓவியக் கல்லூரி மாணவரான லக்ஷ்மா கௌட்.

1940-இல், அன்றைய மேடக் மாவட்டத்து நிஜாம்பூரில் பிறந்த கௌட், பரோடாவில் பயின்றபின் ஹைதராபாத்துக்கே திரும்பினார். பிறர் பாணியை வரையாமல், தாம் சிறு வயதில் கண்ட வெள்ளாடுகளையும், உழைத்து இறுகிய உடல்களையும், மூக்கணி பூண்ட பெண்களையும் நுண்கோடுகளால் வரைந்தார். நகரவாசியாகியும் அவர் கோடு தெலுங்கானாக் கிராமத்தை விடவில்லை. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. விடுமுறையில் பிள்ளைகளைக் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு பாறையருகே சிறிது நேரம் அமரச் செய்து, வீடு திரும்பியபின் அதை வரையச் சொல்லிப் பார்க்கலாம், திருத்தாமலிருந்தால் போதும். அண்ணன் வரைந்த பாறையும் தங்கை வரைந்த பாறையும் ஒன்றாக இரா.