தந்தை தொடங்கிய கல்வி: திருவண்ணாமலையும் சிவப்பிரகாசர் குடும்பமும்

அச்சுப் புத்தகமும் அரசுப் பள்ளியும் பரவுவதற்கு முந்தைய தமிழகத்தில், பிள்ளையின் முதல் ஆசிரியராகத் தந்தையே விளங்கிய குடும்பங்கள் பல இருந்தன. புலமையையோ, மாணாக்கருக்குத் தீட்சையளித்து நூல் பயிற்றும் பொறுப்பாகிய குருத்துவத்தையோ வழிவழியாகக் கொண்டிருந்த வீடுகளில் ஏட்டுச்சுவடிகளே பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்டன. அவற்றைப் படித்துப் பொருள் காணும் ஆற்றலைப் பிள்ளைக்கு அளிப்பது தந்தையின் கடமையாகவும் பெருமையாகவும் கருதப்பட்டது. ஆயினும் அந்தப் பெருமை வீட்டுக்குள்ளேயே நிறைவடைந்துவிடவில்லை. தன்னிலும் மேலான ஆசிரியரிடம் பிள்ளை சென்று சேரும்போதுதான் தந்தை தொடங்கிய பணி முழுமை பெற்றது என்பதையும், அதற்கு உரிய இடங்களாகக் கோயில் நகரங்கள் அமைந்தன என்பதையும், 17ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலைக்கு வந்த ஒரு புலவர் குடும்பத்தின் வரலாறு காட்டுகிறது.

அக்காலக் கல்வி படிப்படியாக அமைந்திருந்தது. மணலில் விரலால் எழுத்துப் பழகிய சிறுவன், பின்னர் எழுத்தாணி பிடித்துப் பனையோலையில் எழுதக் கற்றான். அரிச்சுவடியையும், கணக்கு வாய்பாடுகளின் தொகுப்பாகிய எண்சுவடியையும், ஆத்திசூடி முதலிய நீதிநூல்களையும் மனப்பாடம் செய்த பின், ஒருபொருட் சொற்களைச் செய்யுளில் தொகுத்துரைக்கும் நிகண்டுக்குச் சென்றான். அதற்கு மேல் அந்தாதி, கலம்பகம் போன்ற சிற்றிலக்கியங்களும், அவற்றையடுத்து இலக்கணமும் வந்தன. இந்த மேல்நிலைக் கல்வி ‘பாடம் கேட்டல்’ எனப்பட்டது. ஆசிரியர் ஒவ்வொரு செய்யுளையும் பிரித்துப் பொருள் சொல்ல, மாணாக்கன் அருகிருந்து கேட்டு உள்வாங்கும் முறை அது. தொடக்கப் படிகளைத் தந்தை கற்பித்துவிட முடியும். உயர்ந்த படிகளுக்குத் தகுந்த ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்தில் வாழ்ந்த குமாரசுவாமி தேசிகர் இத்தகைய தந்தையருள் ஒருவர். அவர் வீரசைவ மரபினர்; சிவலிங்கத்தை உடலில் அணிந்து வழிபடுவோரின் சமயநெறியே வீரசைவம். சிவப்பிரகாசர், வேலையர், கருணைப்பிரகாசர் என்னும் மூன்று ஆண்மக்களும் ஞானாம்பிகை என்னும் மகளும் அவருக்குப் பிறந்தனர். மூத்தவரான சிவப்பிரகாசரின் கூர்மை இளமையிலேயே வெளிப்பட்டது என்றும், தந்தை தம் மக்களுக்குத் தாமே கல்வி புகட்டினார் என்றும் புலவர் வரலாறுகள் கூறுகின்றன. அக்கல்வி முற்றுப்பெறுமுன் தேசிகர் மறைந்தார். ஆனால் மக்களின் படிப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. அவர்கள் தந்தையின் குரு வாழ்ந்த திருவண்ணாமலையை நாடிச் சென்றனர். தந்தை பெற்றிருந்த குருவின் தொடர்பு, தந்தைக்குப் பின்னும் மக்களின் கல்விக்கு வழிகாட்டியது.

அவர்கள் வந்து சேர்ந்த ஊர் வழிபாட்டுத் தலமாக மட்டும் இருக்கவில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த வீரசைவத் துறவியர் பலர் அண்ணாமலையின் குகைகளிலும் மடங்களிலும் தங்கியிருந்தனர். அவர்களுள் குகை நமசிவாயர் தமிழிலும் பாடியவர், அவருடைய மாணாக்கர் குரு நமசிவாயரும் புலவராகப் புகழ் பெற்றவர். அருணகிரிநாதரின் சந்தப் பாடல்கள் பிறந்த அந்த ஊரைச் சைவ எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்திலும் அருணைக் கலம்பகத்திலும் பாடினார். மடம் என்பது துறவியர் உறைவிடமாக இருந்ததோடு, சுவடிகள் காக்கப்பட்டு, உணவும் உறையுளும் பெற்ற மாணாக்கர் பாடம் கேட்ட கல்விச்சாலையாகவும் பயன்பட்டதால், தந்தையை இழந்த அறிவார்ந்த பிள்ளைகளுக்கு அத்தகைய நகரம் புகலிடமாயிற்று. சிவப்பிரகாசர் இங்கே மலையை வலம்வந்த காலத்தில் 100 பாடல்கள் கொண்ட சோணசைலமாலையைப் பாடினார் என்பது மரபு. சோணசைலம் என்பது செம்மலை எனப் பொருள்படும் அண்ணாமலையின் பெயர்.

இலக்கணத்தை முறையாகக் கற்கும் விருப்பம் அவரைத் தெற்கு நோக்கிச் செலுத்தியது. வழியில் பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியார் என்னும் செல்வர் அவரை ஆதரித்தமையால், அவர் பெயரோடு அவ்வூர்ப் பெயரும் சேர்ந்தது. பின்னர்த் திருநெல்வேலிச் சிந்துபூந்துறையில் தருமபுர ஆதீனத்தைச் சேர்ந்த வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் பாடம் கேட்டார். கற்பித்ததற்குக் காணிக்கையாக மாணாக்கர் அளித்த பொன்னைத் தம்பிரான் ஏற்கவில்லை என்றும், தம்மை இகழ்ந்துவந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவரை வென்று வருமாறு பணித்தார் என்றும், அப்போட்டியில் பிறந்ததே இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஒலிக்கும் எழுத்துகளால் மட்டுமே அமைந்த திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்றும் வழங்குகிறது. வீரசைவ இளைஞர் ஒருவருக்குச் சைவ சித்தாந்த ஆதீனத்துத் துறவி இலக்கணம் கற்பித்தார் என்பது, கல்வியின் பொருட்டுச் சமயப் பிரிவுகளின் எல்லை கடக்கப்பட்டதைக் காட்டுகிறது.

சாமரசர் கன்னடத்தில் இயற்றிய நூலைத் தழுவிப் பிரபுலிங்கலீலையைச் சிவப்பிரகாசர் தமிழில் தந்தார். 32 ஆண்டுகளே வாழ்ந்தார் எனினும் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. தம்பியர் இருவரும் நூலாசிரியர்களாயினர். ஞானாம்பிகையை மணந்தவர், பின்னாளில் பேரூரில் திருமடம் கண்ட சாந்தலிங்க சுவாமிகள். தலைமகனின் அறிவுக்கூர்மையை இயல்பான திறமை என்று கொள்ளலாம். ஆனால் ஆண்மக்கள் மூவரும் புலவர்களானமைக்கு அந்த வீட்டில் நிலவிய கல்விச் சூழலே காரணம் என்று கருதுவது பொருந்தும். குமாரசுவாமி தேசிகரின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக் கல்வியின் பரப்பை உணர்த்தும் பிற்காலச் சான்றும் உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளைப் பதிவு செய்தது. சென்னை நகரில் வீட்டில் கற்ற பிள்ளைகள் பள்ளியில் கற்றோரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கணக்கு வந்தபோது, அது மிகை என மன்றோ ஐயுற்றார். ஆயினும் தந்தையரும் உறவினரும் வீட்டில் கற்பிக்கும் வழக்கம் பரவலானது என்பதை 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் ஏற்றுக்கொண்டார். அதே கணக்கெடுப்பில் பள்ளி சென்ற பெண்கள் மாகாணம் முழுவதிலும் 5,000க்கும் குறைவு. ஆகவே தந்தை மகனுக்குக் கற்பித்த இம்மரபைப் போற்றும்போது, அதன் பயன் பெரும்பாலான பெண்களையும், ஏடே எட்டாதவாறு விலக்கப்பட்ட சாதியினரையும் சென்றடையவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சிவப்பிரகாசர் இயற்றிய நூல்களுள் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது, 40 வெண்பாக்களில் உவமைகளைக் கொண்டு அறம் உரைக்கும் நன்னெறி. அது நீதிநூல் வரிசையில் இடம்பெற்றுப் பாடநூல்கள் வாயிலாக, மடங்களோடும் வீரசைவத்தோடும் தொடர்பே இல்லாத சிறுவர் சிறுமியரையும் சென்றடைந்தது. காஞ்சிபுரத்து வீடொன்றில் தந்தை தம் மக்களுக்கென்று தொடங்கிய கல்வி, திருவண்ணாமலையில் தொடர்ந்து, திருநெல்வேலியில் முதிர்ந்து, இறுதியில் தமிழ் கற்கும் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவாயிற்று.