கீழ்த்தாடை ஞானப்பல்லை ஏன் அகற்றுகிறார்கள்?

கொல்கத்தா: பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லே ஞானப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு முளைக்க வேண்டும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. அதிகம் தொல்லை தருபவை கீழ்த்தாடைப் பற்கள்தான்.

காரணம் இடநெருக்கடி. இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கும் மேல்நோக்கி எழும் தாடை எலும்புக்கும் நடுவே போதிய இடம் இல்லாவிட்டால், ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்தோ படுத்தவாறோ எலும்புக்குள் சிக்கிக்கொள்கிறது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடிபோலக் கிடக்கும். அதன் அடியில் தங்கும் உணவுத் துணுக்குகளை பிரஷ் எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும், சீழ் பிடிக்கும், வாயைத் திறப்பதே சிரமமாகும். பான், குட்கா பழக்கம் உள்ளவர்கள் வாய் திறக்காமைக்கு ஞானப்பல்தான் காரணம் என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. புற்றுநோயாக மாறக்கூடிய வாய் நார்த்திசு நோயும் அதே அறிகுறியைத் தரும்.

சாய்ந்த பல்லால் பக்கத்துப் பல்லும் சொத்தையாகலாம். வலி தெரியும்போது அந்த நல்ல பல்லும் பழுதாகியிருக்கக்கூடும். அரிதாக, எலும்புக்குள் நீர்க்கட்டியும் உருவாகிறது.

ஆனால், எல்லா ஞானப்பற்களையும் பிடுங்க வேண்டியதில்லை. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அதன் வேர்களை ஒட்டியே செல்கிறது. அதில் காயம் பட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது நிலைத்தும் விடலாம். எனவேதான் முதலில் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நோயற்ற ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது.

துறைமுகமும் தென்கிழக்கு ரயில்வே தலைமையகமும் அமைந்த கார்டன் ரீச்சில் வசிப்போருக்கும், பணி மாறுதலில் அங்கு செல்லும் தமிழர்களுக்கும், அதே மாநகரில் சியால்டா அருகே டாக்டர் ஆர். அகமது அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ரஃபியுதீன் அகமது 1920-இல் தொடங்கிய இதுவே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அவர் பிறந்த டிசம்பர் 24, தேசிய பல் மருத்துவர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஞானப்பல் வலியுடன் காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் இருந்தால், வலி மாத்திரையுடன் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தொற்று கழுத்துக்குப் பரவினால் மூச்சுப்பாதை அடைபடும் அபாயம் உண்டு.