புரோகிரசிவ் ராக், மெட்டல் இசையில் ரசிகர் பரிந்துரை மரபு

புரோகிரசிவ் ராக் 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ராக் இசைப் பிரிவு. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும் நெடும்பாடல்கள், பாட்டின் நடுவிலேயே மாறும் தாளக்கட்டு, மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்தாண்ட அமைப்புகள், மெலோட்ரான், மூக் சின்தசைசர் போன்ற கருவிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தப் போக்கு 1980களில் ஹெவி மெட்டலோடு கலந்து புரோகிரசிவ் மெட்டல் பிறந்தது. இரண்டையும் ரசிகர்கள் சுருக்கமாகப் ‘புரோக்’ என்கிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிறிதளவே இடம் பெற்ற இந்த இசை அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது என்றால், ஒரு ரசிகர் இன்னொருவரிடம் ‘இதைக் கேட்டுப் பார்’ என்று சொல்லிவந்த பழக்கமே அதற்கு முதன்மைக் காரணம். இசைக்குழுக்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இங்கே பேசப்படுவது கேட்டவர்களின் வரலாறு.

அந்தப் பழக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை இசைத்தட்டின் அளவே விளக்கும். வணிக வானொலிக்கு உகந்தது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய தட்டு. பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டு ஒன்று. யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) தட்டின் தலைப்புப் பாடலோ 18 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அதே ஆண்டு வந்த ஜெத்ரோ டல்லின் ‘திக் அஸ் எ பிரிக்’ தட்டில் இரு பக்கங்களையும் ஒரே பாடல் நிரப்புகிறது. இவற்றைப் பகல் நேரத்தில் முழுவதுமாகப் போட நிலையங்கள் தயங்கின. முதல் தடவை கேட்கும்போது பிடிபடாத இசையும் கூட. ஆகவே தட்டைக் கொடுப்பவர் எந்த இடத்தில் காது வைக்க வேண்டும், எத்தனை தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

தொடக்க காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஜான் பீல் முக்கியமானவர். இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில், 1967இல் அவர் ‘தி பெர்ஃபியூம்டு கார்டன்’ என்ற பின்னிரவு நிகழ்ச்சியை நடத்தினார். நேயர்களின் கடிதங்களைப் படித்தபடி, தமக்குப் பிடித்த தட்டுகளைத் தம் விருப்பம்போல் போட்டார். அந்த ஆகஸ்டில் புதிய சட்டம் கப்பல் நிலையங்களை முடக்கியது. செப்டம்பர் 30 அன்று தொடங்கிய பிபிசி ரேடியோ 1க்குப் பீல் இடம்பெயர்ந்தார். 1973இல் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ வந்ததும் அவர் அதை ஒலிபரப்பியது, வெர்ஜின் நிறுவனத்தின் அந்த முதல் வெளியீட்டை நாடறியச் செய்தது. அதற்கு முன்பே, 1969 அக்டோபரில் கிங் கிரிம்ஸனின் முதல் தட்டு வெளியானபோது, தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அதை மனந்திறந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு விளம்பரங்களிலும் அச்சானது. ஓர் இசைக்கலைஞர் ரசிகராக நின்று இன்னொருவரின் இசையைப் பரிந்துரைப்பது இந்த மரபில் அதன்பின் ஓயவே இல்லை.

பரிந்துரை கடல் கடந்தபோது வரவேற்பின் வரைபடமே மாறியது. வேன் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘பான் ஹார்ட்ஸ்’ (1971) சொந்த நாட்டில் விலைபோகவில்லை. இத்தாலியில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஜெனிசிஸ் குழுவையும் இங்கிலாந்துக்கு முன்பே கொண்டாடியவர்கள் இத்தாலிய, பெல்ஜிய இளைஞர்கள். அந்த ஆர்வம் இத்தாலியிலேயே பிரீமியாட்டா ஃபோர்னேரியா மார்க்கோனி, பாங்கோ, லே ஓர்மே போன்ற குழுக்களை வளர்த்தது. பிரான்சில் கிறிஸ்டியன் வாண்டரின் மக்மா, தானே படைத்த கோபையன் என்ற மொழியில் பாடியது. அதன் சொற்களை முன்பின் அறியாத ரசிகர்கள் அந்தத் தட்டுகளை வாங்கினார்கள் என்றால், நம்பிக்கைக்குரிய ஒருவரின் வாய்ச்சொல்லைத் தவிர அவர்களுக்கு வேறு வழிகாட்டி இருந்திருக்க முடியாது.

1976க்குப் பின் பங்க் அலை எழுந்தது. நெடும்பாடல்களை ஆடம்பரம் என்று இதழ்கள் ஒதுக்கின. நிறுவனங்கள் ஒப்பந்தங்களைக் கைவிட்டன. இந்த இசையின் வரலாற்றில் ரசிகர்களின் உழைப்பு கனமாகத் தெரியும் காலம் இதுதான். அமெரிக்காவில் ஆர்ச்சி பேட்டர்சன் 1973இல் தொடங்கிய ‘யூராக்’ இதழ், ஆங்கில இதழ்கள் எட்டிப் பார்க்காத ஜெர்மானிய, பிரெஞ்சு, இத்தாலியக் குழுக்களைப் பற்றி விரிவாக எழுதிவந்தது. 1978 மார்ச்சில் ஹென்றி கௌ குழு லண்டனில் ‘ராக் இன் ஆப்போசிஷன்’ என்ற இசைவிழாவை நடத்தி, பெருநிறுவனங்கள் ஏறெடுத்துப் பார்க்காத நான்கு ஐரோப்பியக் குழுக்களை மேடையேற்றியது. அதே ஆண்டு அதன் டிரம்மர் கிறிஸ் கட்லர் ‘ரெகமெண்டட் ரெக்கார்ட்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தாம் கேட்டு மதித்தவற்றை மட்டும் விற்பது அதன் கொள்கை. மேரிலாந்தின் வேசைடு மியூசிக் போன்ற அஞ்சல்வழிக் கடைகளும் அதே வழியில் நடந்தன. ஜப்பானில் கிங் ரெக்கார்ட்ஸ் ‘யூரோப்பியன் ராக் கலெக்‌ஷன்’ என்ற வரிசையில் பழைய இத்தாலியத் தட்டுகளை மறுபதிப்பாக வெளியிட்டது. சொந்த நாட்டில் மறைந்துபோன சில இசைத்தட்டுகள் டோக்கியோவின் சேகரிப்பாளர்களால் மீண்டன.

அந்தக் காலத்தின் மிக விசித்திரமான ஆவணம் பிரிட்டனின் நர்ஸ் வித் வூண்ட் குழு 1979இல் தன் முதல் தட்டோடு வெளியிட்ட பெயர்ப் பட்டியல். விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல், தாங்கள் போற்றும் கலைஞர்களின் பெயர்களை மட்டும் அடுக்கினார்கள். அடுத்த தட்டில் பட்டியலை நீட்டினார்கள். ஜெர்மானிய, பிரெஞ்சுக் குழுக்கள் அதில் ஏராளம். பிற்காலச் சேகரிப்பாளர்கள் அதை வரைபடம்போல் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினார்கள். பட்டியலாக மட்டுமே அமைந்த பரிந்துரைகளில் இதற்கு ஈடானதைச் சொல்வது கடினம்.

மெட்டல் ரசிகர்களின் வழி அஞ்சல்வழிக் கேசட் பரிமாற்றம். 1980களில் வெளியாகாத டெமோ கேசட்டுகளை நகலெடுத்து, முன்பின் பார்த்திராத வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பி, பதிலுக்கு வேறொன்றைப் பெற்றார்கள். நகலின் நகல் இரைச்சலோடுதான் ஒலித்தது. ஆனாலும் டெக்சாஸின் வாட்ச்டவர், கனெக்டிகட்டின் ஃபேட்ஸ் வார்னிங் போன்ற சிக்கலான தாளக்கட்டுக் குழுக்களின் பெயர் இப்படியும் பரவியது. கனடாவின் வொய்வாட், 1989இல் வந்த ‘நத்திங்ஃபேஸ்’ தட்டில் பிங்க் ஃபிளாய்டின் 1967ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை மறுபடி பாடியது. த்ராஷ் மெட்டல் மட்டுமே கேட்டுவந்த ஒரு தலைமுறைக்கு அது பழைய புரோக்கின் கதவைத் திறந்தது. மறுபாடல் இந்த மரபில் எப்போதுமே மறைமுகப் பரிந்துரையாக வேலை செய்திருக்கிறது.

ஃபுளோரிடாவின் சினிக் குழு இதற்கு இன்னும் அழுத்தமான எடுத்துக்காட்டு. அதன் பால் மாஸ்விடால், ஷான் ரைனர்ட் இருவரும் டெத் குழுவின் ‘ஹியூமன்’ (1991) தட்டில் வாசித்தவர்கள். 1993இல் வந்த அவர்களுடைய ‘ஃபோகஸ்’, டெத் மெட்டலின் உறுமலோடு ஜாஸ் ஒத்திசைவையும் இயந்திரம் வழியே திரிந்த மென்குரலையும் இணைத்தது. டெத் மெட்டல் கூட்டத்தில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஆனால் ‘ஹியூமன்’ பிடித்தவர்களுக்கு ‘ஃபோகஸ்’ தட்டைக் கைகாட்டும் வழக்கம் நிற்கவில்லை. பத்தாண்டுக்கு மேலாக வாய்மொழியில் வளர்ந்த அந்தப் பெயரால் குழு மறுபடி கூடி, 2008இல் ‘டிரேஸ்டு இன் ஏர்’ தட்டை வெளியிட்டது. விளம்பரம் இல்லாமல் ஒரு குழுவை ரசிகர்களின் பேச்சே உயிர்ப்பித்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

1990களில் ரசிகர்கள் நிறுவனங்களின் முடிவுகளையே மாற்றினார்கள். பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியில் 1985இல் கூடிய மாணவர்களால் உருவான ட்ரீம் தியேட்டர், ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ (1992) மூலம் புரோகிரசிவ் மெட்டலின் முகமானது. அந்தத் தட்டில் சேராமல்போன 23 நிமிடப் பாடலான ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ கச்சேரிகளில் மட்டும் கேட்கக் கிடைத்தது. ரசிகர்கள் கையெழுத்து திரட்டி வற்புறுத்தியபின் 1995இல் அது தனித்தட்டாக வந்தது. கூடவே, குழுவினர் லண்டனில் தங்கள் ரசிகர்களுக்காகப் பாடிய மறுபாடல்களும் இடம்பெற்றன. பிங்க் ஃபிளாய்ட், கான்சஸ், ஜெனிசிஸ் எல்லாம் அதில் உண்டு. 1997இல் மேரிலியன் குழுவிடம் அமெரிக்கப் பயணத்துக்குப் பணமில்லை என்று அறிந்ததும், ரசிகர்கள் தாங்களாகவே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய திரள்நிதி முறைக்கு இது முன்னோடி.

ராக்குக்கும் மெட்டலுக்கும் இடையே நின்ற சுவரைத் தகர்த்ததும் ஒரு பரிந்துரைதான். போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சனிடம் பத்திரிகையாளர் ஒருவர் ஸ்வீடனின் ஓபெத் குழுவின் ‘ஸ்டில் லைஃப்’ (1999) தட்டைக் கொடுத்தார். அதில் மனம் பறிகொடுத்த வில்சன், அடுத்து வந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ (2001) ஒலிப்பதிவில் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் தாமே பழைய புரோக் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். இந்த நட்பின் பயன் இரு பக்கமும் தெரிந்தது: ஓபெத்தின் இசையில் நுணுக்கமும் மென்மையும் கூடின, போர்க்குபைன் ட்ரீயின் ‘இன் அப்சென்ஷியா’ (2002) கனத்த கிட்டார் ஒலியோடு வந்தது. 2003இல் ஓபெத் வெளியிட்ட ‘டாம்னேஷன்’ தட்டில் உறுமல் குரலே இல்லை. மெலோட்ரானும் மென்குரலும் முழுவதும் நிறைந்திருந்தன. உறுமலைக் கேட்டு விலகும் ராக் ரசிகருக்கு முதலில் இதைக் கொடுப்பது, பின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ தட்டுக்கு அழைத்துச் செல்வது என்ற வரிசை ரசிகர்களிடையே வழக்கமாயிற்று.

முதலில் எதைக் கொடுப்பது என்பது இந்த மரபின் ஓயாத விவாதம். வெளிவந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்பவர்கள் ஒருபுறம். எளிதாகப் பிடிபடுவதை முன்னால் வைக்க வேண்டும் என்பவர்கள் மறுபுறம். யெஸ் குழுவுக்குப் புதியவரிடம், நான்கு பக்கங்களில் நான்கே பாடல்கள் கொண்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) தட்டை நீட்டினால் அவர் திரும்ப வரமாட்டார். ‘ஃபிராஜைல்’ (1971) கொடுத்தால் அடுத்ததை அவரே கேட்பார். இரண்டாம் தரப்பின் பக்கமே நியாயம் அதிகம்.

2004இல் தொடங்கிய புரோக் ஆர்கைவ்ஸ் தரவுத்தளம் ரசிகர்களின் மதிப்புரைகளையும் மதிப்பெண்களையும் ஒரே இடத்தில் குவித்தது. சிம்ஃபோனிக், கேன்டர்பரி, நியோ-புரோக், ஜெர்மானிய ராக் என உட்பிரிவுகள் வகுத்து, ஒவ்வொரு குழுவும் எங்கே சேரும் என்று வாதாடினார்கள். அதனால் பெரும்பயன் விளைந்தது: ஒரே ஒரு தட்டு வெளியிட்டு மறைந்த குழுக்களுக்கும் நிலையான பதிவு கிடைத்தது. இழப்பும் உண்டு. மதிப்பெண் பட்டியலின் உச்சியில் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ போன்ற அதே சில தட்டுகள் பல ஆண்டுகளாக நிற்கின்றன. கேட்பவரின் பழக்கம், மனநிலை, பொறுமை ஆகியவற்றை அறிந்து சொல்லும் ஒருவரின் சொல்லுக்கு எண் ஈடாகாது.

இந்தியாவில் இந்த மரபுக்குக் கல்லூரிகளே களம். 2009இல் ஓபெத் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் பாடியது. அதே ஆண்டு போர்க்குபைன் ட்ரீ மும்பை ஐஐடி விழாவில் வாசித்தது. விடுதி அறைகளில் கைமாறிய பாடல்களால் உருவான கூட்டம் அது. கொச்சியின் மதர்ஜேன், ‘மக்தூப்’ (2008) தட்டில் கர்நாடக கமகங்களைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. சன் டிவியின் ‘ஊ லா லா லா’ போட்டியில் வென்ற பெங்களூருவின் அகம் குழு, தமிழ்ப் பாடல்களையும் கீர்த்தனைகளையும் புரோகிரசிவ் ராக் அமைப்பில் பாடிவருகிறது. மிச்ரசாபு பழகிய காதுக்குப் பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ பாடலின் ஏழெண்ணிக்கைத் தாளம் அந்நியமாகத் தோன்றாது. தமிழ் ரசிகர்களுக்கு இது உண்மையான அனுகூலம்.

2019இல் கிங் கிரிம்ஸன், டூல் ஆகிய குழுக்களின் பழைய தட்டுகள் ஸ்பாட்டிஃபை போன்ற ஓடைச் சேவைகளுக்கு வந்தன. அந்த ஆகஸ்டில் டூல் வெளியிட்ட ‘ஃபியர் இனாக்குலம்’ தலைப்புப் பாடல், 10 நிமிடங்களுக்கு மேல் ஓடியும் அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் நுழைந்தது. அதுவரை அப்பட்டியலில் இடம்பெற்ற மிக நீளமான பாடல் அதுவே. நீளம் கேட்பவரை விரட்டும் என்ற பழைய கணக்கை அது பொய்யாக்கியது.

புதிதாகத் தொடங்கும் வாசகர் ராக் பழகியவரானால் ‘ஃபிராஜைல்’, மெட்டல் பழகியவரானால் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’, இரண்டும் பழகாதவரானால் ‘டாம்னேஷன்’ தட்டில் தொடங்கலாம். பாட்டுக்குப் பாட்டு தாவாமல் தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பிடித்திருந்தால், யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அந்த ஒருவரிடம் சொல்லுங்கள்.